மட்டம் பார்க்கும் முன் மட்டத்தைப் பார்ப்போம்

நம் புறநகர்ப் பகுதிகளில் இன்று கட்டுமானப் பணி நடவாத தெருவே இல்லை எனலாம். அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி எனச் சென்னைக்கு மேற்கே எத்திசை நோக்கினும் ஏதேனும் ஒரு வீடு எழும்பிக்கொண்டிருக்கிறது. அல்லது இருந்த வீட்டின் மீது மாடி ஏறிக்கொண்டிருக்கிறது. அவ்வீடுகளுக்குள் எட்டிப் பார்த்தால், சுவரில் பச்சை நிறத்தில் ஓர் ஒளிக்கோடு ஓடுவதைக் காணலாம். கைக்கு அடக்கமான ஒரு பெட்டி முக்காலியின் மீது அமர்ந்து அக்கோட்டை வரைகிறது. லேசர் மட்டம் என்பது அதன் பெயர். முன்பு மேஸ்திரியும் சித்தாளும் அரைநாள் செலவிட்டுச் செய்த வேலையை அது சில நிமிடங்களில் முடித்துவிடுகிறது. ஆகவே அது காட்டுவதே இறுதித் தீர்ப்பு என்னும் எண்ணம் பலருக்கும் வந்துவிட்டது. அத்தீர்ப்பு பிழைபட்டால் என்ன நேரும் என்பதை எங்கள் மதரஸாவில் கடந்த ஆண்டு கண்ணால் கண்டோம். வீடு கட்டும் குடும்பத்தார் யாவருக்கும் பயன்படும் செய்தியாதலால் அதனை இங்கே எழுதுகிறேன்.

நம் பகுதி பெரும்பாலும் சமதரை. அதனால்தான் நம் முன்னோர் இங்கே ஏரி ஏரியாகக் கட்டி வைத்தார்கள். அம்பத்தூர் ஏரி, கொரட்டூர் ஏரி, ஆவடியின் பருத்திப்பட்டு ஏரி, 24 அடி ஆழம் நீர் நிற்கும் செம்பரம்பாக்கம் ஏரி என அவை நீளும். சமதரையில் நீருக்கு வழிகாட்டுவது மிக நுட்பமான வேலை. சிறிது பிசகினாலும் நீர் தேங்கிவிடும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வெள்ளம் நாட்கணக்கில் வடியாமல் நின்றதை நாம் மறந்திருக்க மாட்டோம். போதாக்குறைக்கு, சாலைகள் ஒவ்வொரு முறை புதுப்பிக்கப்படும்போதும் சற்றே உயர்கின்றன. பழைய கட்டடங்களோ இருந்த இடத்திலேயே இருக்கின்றன. வீட்டு நீர் தெருச் சாக்கடையை நோக்கி இறங்கக் கிடைக்கும் உயரம் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே வருகிறது.

எங்கள் மதரஸாவின் நிலையும் அதுவே. மாணவர்கள் ஒளூ செய்வதற்காகத் தாழ்வாரத்தில் 12 மீட்டர் நீளத்திற்குப் புதிய வாய்க்கால் அமைத்துத் தளக்கற்கள் பதிக்க முடிவாயிற்று. ஏழை எளியோர் முதல் வெளிநாட்டில் உழைப்போர் வரை பலரும் மனமுவந்து அளித்த பொருள் அது. வாய்க்காலின் உட்கோடிக்கும் தெருப்பக்கத்து வாய்க்கும் இடையே 24 மில்லிமீட்டர் இறக்கமே கிடைத்தது. அதற்குமேல் கிடைக்க வழியில்லை. அந்த இறக்கம் இல்லாமற்போனால் நீர் தேங்கும், பாசி படியும், சிறுவர்களும் முதியோரும் வழுக்கி விழுவர்.

தளக்கல் பதிக்க வந்த இளைஞர் லேசர் மட்டமொன்றை வாடகைக்கு எடுத்து வந்தார். முதல் நாள் அது சரியாக வேலை செய்யவில்லை. ஒளிக்கோடு நிலைத்து நில்லாமல் விட்டுவிட்டு மின்னியது. முக்காலியை மணலிலிருந்து எடுத்துக் கெட்டித் தரையில் வைத்ததும் மின்னுவது நின்றது. அனைவரும் நிம்மதியடைந்தோம். இரண்டு நாட்களில் வாய்க்காலின் அடிக்கலவை முழுவதும் போட்டாயிற்று.

மூன்றாம் நாள், சுவர் வேலை பார்த்து வந்த முதிய மேஸ்திரி தம் மட்டக்குழாயை எடுத்து வந்தார். கண்ணாடிபோன்ற குழாயில் நீர் நிரப்பி, இரு முனைகளிலும் நீர் நிற்கும் உயரத்தைக் குறிக்கும் பழைய முறை அது. அவர் குறித்த கோட்டுக்கும் லேசர் கோட்டுக்கும் தெருப்பக்கத்தில் ஒரு விரற்கடை வேறுபாடு இருந்தது.

“மிஷின் தப்பாக் காட்டாது, ஹஜ்ரத்” என்றார் இளைஞர்.

“முப்பது வருஷமா இந்தக் குழாயை வச்சுத்தான் பாக்குறேன், ஹஜ்ரத். ஒரு விரக்கடை வித்தியாசம் வராது” என்றார் பெரியவர்.

நிர்வாகத்தார் இருவர் அங்கே இருந்தனர். ஒருவர், பெரியவருக்குப் பார்வை குறைந்துவிட்டது என்றார். மற்றவரோ, இளைஞருக்கு வேலை தெரியவில்லை, கலவைச் செலவை அவர் கூலியில் பிடித்துக்கொள்ளலாம் என்றார். இரண்டும் ஊகங்களே. “இரு கருவிகளையும் சோதித்துவிட்டு யார் மீது குற்றம் என்று பேசுவோம்” என்று கேட்டுக்கொண்டேன். நான் கல்லூரியில் வரலாறு படித்தவன், பொறியியல் அறியேன். ஆயினும் கருவியின் பெட்டிக்குள் ஆங்கிலக் குறிப்புத்தாள் ஒன்று மடித்து வைக்கப்பட்டிருந்தது. அதை நான் படித்துத் தமிழில் சொல்ல, அத்தம்பி ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தார்.

அக்கருவியின் உள்ளே ஓர் ஊசல் தொங்குகிறது. ஒளி உமிழும் பகுதி அந்த ஊசலோடு பொருத்தப்பட்டிருக்கிறது. பெட்டி சற்றே சாய்ந்திருந்தாலும் ஊசல் புவியீர்ப்பினால் நேராகத் தொங்கும். கோடும் கிடைமட்டமாக விழும். ஆடும் ஊசலை விரைவில் அமைதிப்படுத்த அருகே காந்தங்கள் உண்டு. பெரும்பாலான கருவிகளில் மூன்று அல்லது நான்கு பாகை வரையிலான சாய்வையே ஊசலால் சரிசெய்ய இயலும். அதற்குமேல் சாய்ந்தால் கோடு மின்னி எச்சரிக்கும். சில கருவிகளில் அணைந்தே போகும். முதல் நாள் நேர்ந்தது இதுவே. அது பழுதன்று, கருவி தன் இயலாமையை நேர்மையாக அறிவித்ததே ஆகும்.

கோடு நிலைகொள்ளாவிடில் முதலில் காண வேண்டியவை எளியவையே. எடுத்துச் செல்லும்போது ஊசல் அடிபடாதிருக்க ஒரு பூட்டு உண்டு. அதைத் திறந்தோமா என்று பார்க்க வேண்டும். முக்காலியின் கால்கள் உறுதியான தரையில் நிற்கின்றனவா என்று பார்க்க வேண்டும். ஆவடியிலிருந்து பூவிருந்தவல்லி செல்லும் நெடுஞ்சாலை போன்ற இடங்களில் கனரக வாகனம் ஒன்று கடந்தாலே தரை அதிரும். அருகில் துளையிடும் கருவி ஓடினாலும் அப்படியே. அதிர்வு அடங்கும்வரை காத்திருக்க வேண்டும். மின்கலம் வலுவிழந்திருந்தால் மாற்ற வேண்டும். வெயிலில் கிடந்த கருவியை நிழலுக்குக் கொண்டுவந்தால் சிறிது நேரம் ஆறவிட வேண்டும். பின்பு பெட்டியை மெல்லச் சாய்த்து விட்டால், கோடு ஊசல்போல் ஆடி ஒவ்வொரு முறையும் அதே இடத்திற்குத் திரும்ப வேண்டும். வெவ்வேறு இடங்களில் நின்றால் ஊசல் எங்கோ சிக்குகிறது என்று பொருள்.

எங்கள் கருவி இவையனைத்திலும் தேறியது. ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் அசையாமல் நின்றது. ஆனால் ஒரே இடத்தில் நிற்பது வேறு, சரியான இடத்தில் நிற்பது வேறு. அதை அறிய இரண்டு சுவர்ச் சோதனை தேவைப்பட்டது.

எதிரெதிராக 6 மீட்டர் இடைவெளியில் சுவர்கள் உள்ள வகுப்பறையைத் தேர்ந்தோம். கருவியை முதற்சுவரின் அருகே வைத்து, கோடு விழும் இடத்தை அச்சுவரில் குறித்தோம். கருவியை அப்படியே திருப்பி எதிர்ச்சுவரிலும் குறித்தோம். பின்பு கருவியை எதிர்ச்சுவரின் அருகே கொண்டுபோய், அங்கு முன்பு இட்ட குறியின் மீதே கோடு விழுமாறு முக்காலியின் உயரத்தைச் சரிசெய்தோம். உயரத்தை மாற்றாமல் கருவியை முதற்சுவரை நோக்கித் திருப்பினோம். கருவி சரியானதாயின் கோடு முதற்குறியின் மீதே விழ வேண்டும். விழவில்லை, 18 மில்லிமீட்டர் மேலே விழுந்தது. ஒளி சென்ற தூரம் 6 மீட்டர், திரும்பிய தூரம் 6 மீட்டர். ஆக 12 மீட்டரில் 18 மில்லிமீட்டர், அதாவது மீட்டருக்கு ஒன்றரை மில்லிமீட்டர் பிழை. குறிப்புத்தாளின்படி மீட்டருக்கு 0.3 மில்லிமீட்டருக்கு மேல் பிழை இருத்தலாகாது. 12 மீட்டருக்கு 3.6 மில்லிமீட்டரே அனுமதி.

வாய்க்காலின் நீளமும் 12 மீட்டர். எனவே தெருப்பக்கத்து வாய் இருக்க வேண்டிய இடத்தைவிட 18 மில்லிமீட்டர் உயர்ந்துவிட்டது. 24 மில்லிமீட்டர் இறக்கத்தில் எஞ்சியது ஆறே மில்லிமீட்டர்!

நீதி இரு தரப்புக்கும் பொதுவாதலால் மட்டக்குழாயையும் சோதித்தோம். நடுவே காற்றுக்குமிழி சிக்கியிருந்தாலோ, ஒரு பாதி வெயிலிலும் மறுபாதி நிழலிலும் கிடந்து நீர் வெவ்வேறு சூடு பெற்றிருந்தாலோ, முனை ஒன்று அடைபட்டிருந்தாலோ அதுவும் பிழைபடும். பெரியவரின் குழாயில் குமிழி ஒன்றும் இல்லை. இரு முனைகளையும் அருகருகே பிடித்தபோது நீர் ஒரே உயரத்தில் நின்றது.

பெருங்கருவிகளுக்கும் இத்தகைய விபத்து நேர்ந்ததுண்டு. 1802 ஏப்ரலில் இதே சென்னையில், பரங்கிமலையிலிருந்து தெற்கு நோக்கி ஏழரை மைல் நீள அடிக்கோட்டை அளந்து இந்திய நிலவளவையின் பெரும்பணியைத் தொடங்கினார் வில்லியம் லாம்ப்டன். அவரிடம் அரை டன் எடையுள்ள கோணமானி ஒன்று இருந்தது. 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலின் கோபுரத்தின் மீது அதை ஏற்றும்போது கயிறு பிசகி, கருவி சுவரில் மோதி அதன் வட்டம் நெளிந்தது. அவர் அத்துடன் அளக்கத் துணியவில்லை. ஆறு வாரங்கள் ஒதுங்கியிருந்து, தம் கையாலேயே அதைச் சீர்படுத்திய பின்னரே பணியைத் தொடர்ந்தார். அதற்கும் எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே, 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பாக்தாதில் வாழ்ந்த கணித மேதை அல்கரஜீ நிலத்தடி நீர்க்கால்வாய்கள் வெட்டுவது குறித்து அரபியில் நூல் எழுதினார். மட்டம் பார்க்கும் கருவிகளை அதில் விரிவாக விளக்கியிருக்கிறார். அக்கருவிகளுக்கும் தராசுக்கும் அரபியில் ‘மீஸான்’ என்ற ஒரே சொல் வழங்குவது எண்ணிப் பார்க்கத்தக்கது.

கருவியை வாடகைக்கு விட்டவர் முதலில், “நீங்கள்தாம் கீழே போட்டிருப்பீர்கள்” என்றார். அத்தம்பி கோபப்படவில்லை. அக்கடையின் சுவரிலேயே சோதனையைச் செய்து காட்டினார். கூடவே, மாற்றாகத் தர வைத்திருந்த மற்றொன்றையும் சோதித்துக் காட்டினார். இரண்டாவது கருவி அனுமதிக்குள் அடங்கியது. தம் கருவிகளை எவரும் ஒருநாளும் சோதித்ததில்லை என்பதைக் கடைக்காரர் ஒப்புக்கொண்டு, வாடகையை விட்டுக்கொடுத்தார். பெட்டியைத் திறந்து திருகாணிகளைத் தாமே திருப்பாமல், பழுது நீக்கும் நிலையத்திற்கு அனுப்பவும் இசைந்தார். கலவைச் செலவை நிர்வாகம் ஏற்றது. அத்தம்பியின் கூலியில் ஒரு காசும் பிடிக்கப்படவில்லை. பெரியவர் குழாயின் ஒரு முனையைப் பிடிக்க, இளைஞர் மறுமுனையைப் பிடிக்க, வாய்க்கால் மறுபடியும் அமைக்கப்பட்டது.

வீடு கட்டும் சகோதர சகோதரிகளுக்கு ஒரு வேண்டுகோள். தளக்கல் வேலை தொடங்கும் நாளன்று, “இரண்டு சுவர்ச் சோதனையைச் செய்துவிட்டுத் தொடங்குங்கள், தம்பி” என்று அன்போடு கேளுங்கள். கால் மணி நேரமே ஆகும். கருவி கீழே விழுந்தாலும், வண்டியில் நெடுந்தூரம் குலுங்கி வந்தாலும் மறுபடி செய்யச் சொல்லுங்கள். வேலை நடக்கும்போது பிள்ளைகளை அருகில் விடாதீர்கள். அவ்வொளியை நேராகக் கண்ணால் நோக்குவது தீங்கு. எல்லாம் முடிந்தபின், கூலி கொடுப்பதற்கு முன்பு, ஒரு குடம் நீரை மேட்டுப்பக்கம் ஊற்றி அது எங்கே போகிறது என்று நின்று பாருங்கள். எங்கள் வாய்க்காலில் ஊற்றிய நீர் தேங்காமல் தெருவாய் வரை ஓடியது. அல்ஹம்து லில்லாஹ்.