பழைய வண்டிகள் கூறும் பாடம்

மன்னர் சூடிய முடியையும் ஏந்திய வாளையும் பேணி வைத்திருக்கும் காட்சிச் சாலைகள் உலகில் பல உண்டு. அவற்றைக் காண்போர் வியந்து திரும்புவர். வீடு வந்ததும் மறந்து விடுவர். அம்முடிக்கும் வாளுக்கும் அவர்தம் வாழ்வுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. பழைய மோட்டார் வண்டிகளை வைத்திருக்கும் சாலையோ அத்தகையதன்று. நாம் நாள்தோறும் ஏறிச் செல்லும் பஸ்ஸுக்கும், நம் பிள்ளைகள் வேலைக்கு ஓட்டிச் செல்லும் மோட்டார் சைக்கிளுக்கும் அங்கே நிற்பவை பாட்டன் பூட்டன் முறை ஆகும்.

தமிழ்நாட்டுக்குச் சென்றிருந்தபோது, கோயம்புத்தூர் அவினாசி சாலையில் 2015ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற ஜி.டி. கார் காட்சிச் சாலையைக் கண்டு வரும் வாய்ப்பு நமக்குக் கிட்டிற்று. பல காலத்து வண்டிகள் மெருகு குன்றாமல் நின்றன. எனினும், அவ்வண்டிகளைக் காட்டிலும் அச்சாலையின் பெயருக்குரிய ஜி.டி. நாயுடு அவர்களின் வரலாறே நம் நெஞ்சைப் பற்றியது.

1893ல் கோவையை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில் உழவர் குடியில் பிறந்தவர் அவர். இளமையில் வெள்ளை அதிகாரி ஒருவர் ஏறி வந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளைக் கண்டார். கண்டு வாய்பிளந்து நின்றதோடு அவர் அமையவில்லை. கோவைக்கு வந்து உணவு விடுதியில் பரிமாறும் வேலை செய்து, கூலியைச் சிறுகச் சிறுகச் சேர்த்து, மோட்டார் சைக்கிளை விலைக்கு வாங்கினார். வாங்கியதும் ஊர் சுற்றி மகிழ்ந்தாரோ என்றால், இல்லை; திருகு திருகாகக் கழற்றிப் பார்த்து மீண்டும் பூட்டினார். 1920ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே பஸ்ஸை வைத்துத் தொழில் தொடங்கியவர், பின்னர் பெருந்தொழிலதிபராய் விளங்கினார். எந்திரத்துக்குக் குலமும் தெரியாது, நிறமும் தெரியாது. கற்றவன் கைக்கு அது பணிகிறது.

ஆண் பெண் என்ற வேற்றுமையும் அதற்கு இல்லை. கார் குலத்துக்கே முதல்வனாகிய மூன்று சக்கர வண்டிக்கு 1886ல் ஜெர்மனியில் காப்புரிமை பெற்றவர் கார்ல் பென்ஸ். அது நெடுந்தொலைவு ஓடும் என்பதை 1888ல் உலகுக்கு மெய்ப்பித்தவரோ அவர் மனைவி பெர்த்தா. கணவர் அறியாமல் மைந்தர் இருவரையும் ஏற்றிக்கொண்டு, ஏறத்தாழ 100 கிலோமீட்டர் ஓட்டிச் சென்றார். வழியில் எண்ணெய்க் குழாய் அடைத்தபோது தம் தொப்பியூசியால் குத்தி அடைப்பை நீக்கினார் என்பர். பெண்ணுக்கு எந்திரம் எதற்கு என்று இன்னும் வினவுவோர் இதனை எண்ணுவாராக.

நிற்க. வண்டிகளின் மேனியை விட்டு நம் பார்வை சக்கரங்களுக்குத் தாழ்ந்தது. வண்டியைச் செய்தவன் பெயரை உலகம் அறியும். சக்கரத்தைச் சூழ்ந்த அக்கருநிறப் பொருள் யார் கைப்பட்டு வந்தது என்பதை அறிந்தோர் எத்தனை பேர்?

காற்றடைத்த டயருக்கு 1888ல் டன்லப் என்பார் உரிமை பெற்றார். 1895ல் மிஷலின் சகோதரர் அதைக் காரில் பூட்டிப் பந்தயத்தில் ஓட்டினர். அமெரிக்காவில் ஃபோர்டு நிறுவனம் 1908 முதல் 1927 வரை மாடல் டி என்னும் ஒரே வகைக் காரை ஒன்றரைக் கோடிக்கு மேல் செய்து குவித்தது. அத்தனைக்கும் ரப்பர் எங்கிருந்து வரும்? 1876ல் விக்காம் என்பார் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளை இங்கிலாந்தின் கியூ தோட்டத்தில் சேர்த்தார். அவ்வழி வந்த 22 கன்றுகள் 1877ல் சிங்கப்பூரை அடைந்தன. 1888ல் சிங்கப்பூர்ப் பூந்தோட்டத்துக்குத் தலைவராக வந்த ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் பட்டையைச் சீவிப் பாலெடுக்கும் முறையை வகுத்தார். கன்றும் கிடைத்தது, முறையும் கிடைத்தது. வேலைக்குக் கைகள் வேண்டியிருந்தன. அக்கைகளுள் பெரும்பாலன நம் முன்னோருடையவை.

விடியுமுன் பெரட்டுக்கு எழுந்து, நிரை பிடித்து, குனிந்தும் நிமிர்ந்தும் நூற்றுக்கணக்கான மரங்களை வெட்டி, மங்கில் சொட்டிய பாலைக் காண்டாவில் சுமந்து சேர்த்தவர்கள் அவர்கள். அப்பால் தகடாகிப் புகையறையில் காய்ந்து கப்பலேறி டயராயிற்று.

உலகத்தை உருளச் செய்த அவர்கள் எதில் ஏறிச் சென்றனர்? சிலர் சைக்கிளில் சென்றனர். அதிலும் துரை எதிர்ப்பட்டால் இறங்கி நிற்கவேண்டும் என்பது தோட்டத்து வழக்கம். 1941ல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, சீனத் தொழிலாளருக்கு ஈடான கூலி, கள்ளுக்கடை மூடல் ஆகியவற்றோடு, துரைமாருக்கும் தோட்டத்து உத்தியோகஸ்தருக்கும் எதிரில் சைக்கிளை விட்டு இறங்காமல் செல்லும் உரிமையையும் கேட்டனர். அவர்களுக்கு வழிகாட்டிய ஆர்.எச். நாதன் நாடு கடத்தப்பட்டார், படை வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் மாண்டனர். கேவலம் ஒரு சைக்கிளுக்காகவா என்பீராயின், சைக்கிளுக்காக அன்று, மானத்துக்காக.

இன்று அத்தோட்டங்களிற் பல செம்பனைக் காடாகவும் குடியிருப்பாகவும் மாறிவிட்டன. அன்று இறங்கி நின்றவரின் பேரர் இன்று சொந்தக் கார் ஓட்டுகின்றனர், மகிழ்ச்சியே. ஆயினும், புதுக் காரின் சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைக்கத் தெரிந்த நமக்கு, அச்சக்கரத்தின் வரலாற்றைப் பிள்ளைக்குச் சொல்லத் தெரிகிறதா?

தோழர்களே! கோவை வரை சென்று வர எல்லோருக்கும் இயலாது. ஆனால் உங்கள் வீட்டு மூலையில் துருவேறிக் கிடக்கும் பால்வெட்டும் உளியையும், பாட்டனாரின் பழைய சைக்கிளையும் பழைய இரும்புக்கு எடைபோடாதீர்கள். துடைத்து எண்ணெயிட்டு, இன்னார் இன்ன தோட்டத்தில் இத்தனை ஆண்டு கையாண்டது என்று ஒரு தாளில் எழுதித் தமிழ்ப் பள்ளியிலோ வாசக சாலையிலோ வையுங்கள். இது என்ன என்று ஒரு பிள்ளை கேட்கும்போது, அதைப் பிடித்த கையாலேயே எடுத்துக் காட்டி விடை சொல்லக்கூடிய முதியோர் இன்னும் நம்மிடையே இருக்கின்றனர். அவர்கள் இருக்கும்போதே இதைச் செய்ய வேண்டும்.