வான்வழித் தூரமும் வாசல் தூரமும்

ஐதராபாத்தின் ஷம்ஷாபாத் விமான நிலையத்துக்கும் திருப்பதியை அடுத்த ரேணிகுண்டா விமான நிலையத்துக்கும் இடையே நேர்கோட்டில் ஏறக்குறைய 415 கிலோமீட்டர். ஆகாய விமானம் ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாக எடுத்துக்கொண்டு இதைக் கடந்துவிடுகிறது. ஆனால் நம் பெற்றோர் எவரும் ஓடுபாதையின் ஓரத்தில் குடியிருக்கவில்லையே!

பிழைப்பை நாடிச் சித்தூருக்கும் திருப்பதிக்கும் வந்து நிலைத்த குடும்பங்கள் நம்முடையவை. இப்பொழுது நம் பிள்ளைகளும் தம்பிமாரும் ஐதராபாத்துக்கும் பெங்களூருக்கும் பெயர்ந்துவிட்டார்கள். 2015 அக்டோபரில் ரேணிகுண்டாவில் புதிய முனையம் திறக்கப்பட்டபோது, அவர்கள் அண்டை வீட்டுக்கே வந்துவிட்டது போல் நாம் மகிழ்ந்தோம். ஆகவே இந்தக் கணக்கு நமக்கு வெறும் பொழுதுபோக்கு அன்று.

சென்ற ஆண்டு ஒரு நள்ளிரவில், சித்தூரில் என் அன்னையாருக்கு மூச்சுத் திணறல் கண்டது. மருத்துவமனையில் சேர்த்துவிட்டு ஐதராபாத்திலுள்ள தம்பிக்குத் தொலைபேசியில் தெரிவித்தேன். "முதல் விமானத்திலேயே வந்துவிடுகிறேன், அண்ணா. அம்மாவிடம் சொல்லுங்கள்" என்றான். அவர் அதன்பின் மணி என்னவென்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

தம்பியின் பிரயாணத்தைப் பாருங்கள். வீட்டிலிருந்து ஷம்ஷாபாத்துக்கு ஒன்றரை மணி. அங்கே சோதனைக்கும் காத்திருப்புக்கும் இரண்டு மணி. ஆகாயத்தில் ஒரு மணி பத்து நிமிடம். ரேணிகுண்டாவில் பெட்டியை எடுத்து வாடகைக் கார் பிடிக்க அரை மணி. பின் சித்தூர் வரையில் 80 கிலோமீட்டருக்கு மேற்பட்ட சாலை, இரண்டு மணி. ஆக ஏழு மணிக்கும் மேல்! அதில் ஆறில் ஒரு பங்குகூட அவன் வானத்தில் இருக்கவில்லை. ஆயினும் பேருந்தில் வந்திருந்தால் பத்து மணிக்குக் குறையாது. விமானத்தைக் குறை கூற எனக்கு மனமில்லை.

பெங்களூர்க் கதை வேறு. தேவனஹள்ளியிலிருந்து ரேணிகுண்டா வான்வழியில் 205 கிலோமீட்டர். கிரேக்க நாட்டில் ஏதென்ஸிலிருந்து சாண்டோரினித் தீவும் ஏறக்குறைய இதே தூரந்தான். அங்கே நடுவில் கடல். கப்பலில் ஏறினால் ஐந்து மணி முதல் எட்டு மணி வரை செல்லும். முக்கால் மணியில் கொண்டு சேர்க்கும் விமானம் அத்தீவினருக்கு வரப்பிரசாதமே. நமக்கோ நடுவில் கோலாரும் முளபாகலும் இருக்கின்றன. நல்ல சாலையும் இருக்கிறது. விமானத்தில் வருபவன் சித்தூரை ஒட்டிப் பறந்து கிழக்கே ரேணிகுண்டாவில் இறங்கி, மீண்டும் மேற்கு நோக்கி வரவேண்டும். இது என்ன விந்தை!

என் மகன் விமான அட்டவணையைப் பார்க்கவேயில்லை. இரவு ஒரு மணிக்குப் பெங்களூரில் காரை எடுத்தவன், ஐந்து மணிக்குப் பாட்டியின் கட்டில் அருகே நின்றான். அப்பொழுது அவன் சித்தப்பா ஷம்ஷாபாத்தைக்கூட எட்டியிருக்கவில்லை.

தம்பி வந்தபோது மணி பதினொன்றைக் கடந்திருந்தது. மூச்சு சீராகி, அன்னையார் சாய்ந்து அமர்ந்து கஞ்சி அருந்திக்கொண்டிருந்தார்.

"ஒரு மணி நேரம் என்றாயே, எங்கேடா இருந்தாய் இவ்வளவு நேரம்?" என்றார்.