அஞ்சடியில் மாலை கட்டுபவர்கள்

நெதர்லாந்தின் கூக்கன்ஹோஃப் தோட்டத்தில் ஆண்டுக்குச் சுமார் 70 லட்சம் கிழங்குகளைக் கையாலேயே நடுகிறார்கள். துலிப் பூத்துக் குலுங்குவதைப் பார்க்க வசந்தத்தில் எட்டு வாரம்தான் அனுமதி. கோலாலம்பூரில் வசந்தமும் இல்லை, துலிப்பும் இல்லை. பூவுக்கு மட்டும் குறையே இல்லை. அதைப் பார்க்கத்தான் ஒரு வெள்ளிக்கிழமை காலை மஸ்ஜித் இந்தியாவுக்குப் போனேன்.

வெள்ளிக்கிழமை இங்கே இரட்டைக் கூட்டம். 1863இல் இந்திய முஸ்லிம்கள் எழுப்பிய பள்ளிவாசலுக்குத் தொழ வருபவர்கள் ஒருபுறம், அம்மனுக்குப் பூ வாங்க வருபவர்கள் மறுபுறம். ஜவுளிக்கடைகளின் முன்நடையான அஞ்சடியில் பிளாஸ்டிக் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்த அக்கா, என்னை நிமிர்ந்து பார்க்காமலேயே மல்லிகை தொடுத்துக்கொண்டிருந்தார்.

இரண்டு மொட்டு இந்தப் பக்கம், இரண்டு அந்தப் பக்கம், காம்போடு காம்பு சேர்த்து நூலில் ஒரு சுற்று, ஒரு இழுப்பு. அந்த இழுப்பில்தான் தொழில் இருக்கிறது. “இறுக்கினா காம்பு அறுந்துடும் தம்பி. லூசா விட்டா சாமி கழுத்துக்குப் போறதுக்குள்ள உதிர்ந்துடும்.” நானும் முயன்றேன். நான் கட்டியதை ஒரு வார்த்தை சொல்லாமல் பிரித்துத் திரும்பக் கட்டினார்.

மல்லிகை பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்து விமானத்தில் வருகிறது. விடியலில் பறித்த மொட்டு பொழுது சாய்ந்தால் விரியத் தொடங்கிவிடும். அதனால் ஐஸ் போட்டுப் பெட்டியில் அடைத்து அனுப்புகிறார்கள். விமானம் தாமதமானால் நஷ்டம் இந்த முக்காலிக்குத்தான். 2013இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லிக்கு இங்கே தனி மவுசு. பெட்டியைத் திறந்ததும் வாசனையிலேயே தெரிந்துவிடும் என்கிறார் அக்கா. சாமந்தியும் ரோஜாவும் கேமரன் மலையிலிருந்து லோரியில் இறங்குகின்றன. கல்யாண மாலைக்கு ரோஜாவின் வாடிய வெளியிதழ்களைக் கிள்ளி எறிந்துவிட்டு, நீள ஊசியில் ஒவ்வொன்றாகக் கோக்கிறார்கள். முதுகு ஒடிகிற வேலை அது.

தைப்பூசம் நெருங்கினால் தூக்கமே இல்லை. ஜாலான் துன் எச்.எஸ்.லீ மாரியம்மன் கோயிலிலிருந்து வெள்ளி ரதம் பத்துமலைக்குக் கிளம்பும் இரவில், வழி நெடுகக் காத்திருப்பவர்கள் கையில் எல்லாம் மாலை வேண்டும்.

அக்காவின் மகள் வங்கியில் வேலை பார்க்கிறாளாம். “அவளுக்கு எதுக்கு இந்த ஈரம்?” என்று நூலைப் பல்லால் கடித்தார். விரல் நுனிகள் தண்ணீரில் ஊறி வெளுத்திருந்தன.

அந்த நேரம் வந்த ஒருவர், ஆயிரக்கணக்கில் பட்டு வாங்கிய பையோடு நின்று, ஒரு முழத்துக்கு ஒரு வெள்ளி குறைக்கச் சொல்லி மல்லுக்கட்டினார். அக்கா குறைத்தார். எனக்குத்தான் மனசு ஆறவில்லை.

விசேஷத்துக்கு மாலை வேண்டுமென்றால் முதல் நாளே சொல்லி வையுங்கள், பாதிப் பணம் முன்பணமாகக் கொடுங்கள். பேரம் பேசியே ஆக வேண்டுமென்றால், பட்டுக் கடையில் பேசுங்கள்.