பூனைக்கும் சர்க்கரை வியாதி!

"மனுஷனுக்கே சர்க்கரை பார்க்க நேரமில்லை; நீ பூனைக்கு இரத்தம் எடுத்துப் பார்க்கிறாயாக்கும்!" என்று ஜொகூர்த் தோட்டத்தில் இருக்கும் என் அக்காள் தொலைபேசியில் ஒரு பாட்டம் சிரித்துத் தீர்த்தாள். நீங்களும் சிரிப்பீர்கள். சிரித்துவிட்டு மேலே படியுங்கள், அன்பர்களே. பூனையே இல்லாத வீட்டுக்கும் இதில் செய்தி இருக்கிறது.

நான் குடியிருப்பது சிங்கப்பூரில், புக்கிட் மேரா வட்டாரத்து அடுக்குமாடி வீட்டில். இங்கே அரசாங்க அடுக்குமாடி வீடுகளில் பூனை வளர்க்க 1989 முதல் தடை இருந்தது. 2024 செப்டம்பர் 1-ஆம் தேதி அது நீங்கியது. உரிமம் எடுத்து, உடம்பில் அடையாளச் சில்லு பொருத்தி, வீட்டுக்கு இரண்டு பூனை வரை வளர்க்கலாம். அதற்குப் பிறகுதான், எங்கள் புளோக்கின் கீழே திரிந்த முத்துவை வீட்டுக்குள் கொண்டுவந்தோம். கருத்தடை செய்த தெருப்பூனை என்பதற்கு அடையாளமாகக் காது நுனி வெட்டப்பட்ட பெரிய கடுவன். போவோர் வருவோரெல்லாம் பிஸ்கட் உணவு போட்டுப் போட்டு, நன்றாகக் கொழுத்திருந்தான்.

சில மாதங்களில் அவன் போக்கு மாறியது. தண்ணீர்க் கிண்ணத்தை விட்டு நகரமாட்டான். சாப்பாடு இரட்டிப்பு, உடம்போ இளைத்துக்கொண்டே போனது. பின்னங்கால் குதி தரையில் பட, முயலைப்போல நடந்தான். அவன் சிறுநீர் கழிக்கும் மணல் தட்டைச் சுற்றி ஒருநாள் எறும்பு ஊர்ந்தது. தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவளுக்கு எறும்பைப் பார்த்ததும் வேறு சாட்சி வேண்டுமா? என் அப்பாவுக்கும் முதலில் கண்டு சொன்னது எறும்புதானே!

மிருக வைத்தியர் இரத்தம் எடுத்துப் பார்த்து, நீரிழிவுதான் என்று உறுதி சொன்னார். வேடிக்கை என்னவென்றால், பூனைக்கு இனிப்புச் சுவையே தெரியாது. அதை உணரும் மரபணு பூனை இனத்தில் பழுதுபட்டுக் கிடக்கிறது என்று 2005-இல் ஆராய்ச்சியாளர்கள் கண்டறிந்தார்கள். தித்திப்பை அறியாத பிராணிக்கும் சர்க்கரை வியாதி வருகிறது. பருத்த உடம்பு, வயது, ஓடியாடாத வாழ்க்கை ஆகியவையே முக்கியக் காரணங்கள். நம் பெரியவர்களுக்கு வரும் இரண்டாம் வகை நீரிழிவும் ஏறக்குறைய இதே கதைதான்.

வைத்தியர் இரண்டு வேலை சொன்னார். பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இன்சுலின் ஊசி. அதற்குமுன், வீட்டிலேயே ஒரு துளி இரத்தம் எடுத்துச் சர்க்கரை பார்ப்பது. ஊசியைக் கேட்டு நான் பயப்படவில்லை. இரத்தம் என்றதும்தான் கை நடுங்கியது. "ஏன் வீட்டில்? உங்களிடமே கொண்டுவருகிறேனே" என்றேன். அவர் தந்த விளக்கம் இது. கூண்டில் அடைத்து, வண்டியில் ஏற்றி, நாய் குரைக்கும் இடத்துக்குக் கொண்டுபோனால், பயத்திலேயே பூனையின் சர்க்கரை ஏறிவிடும். நோயில்லாத பூனைக்கு வீட்டில் சுமார் 4-இலிருந்து 8 வரை இருக்கும். அதே பூனைக்கு மிரட்சியில் 15-ஐத் தாண்டுவதும் உண்டு. (நம் ஊர் ஆஸ்பத்திரிக் கணக்கு இது. இந்தியக் கணக்கு வேண்டுவோர் 18-ஆல் பெருக்கிக்கொள்க.) அந்தப் பொய்க் கணக்கை நம்பி மருந்தைக் கூட்டினால் உயிருக்கே ஆபத்து.

அப்படியானால் சிறுநீரைப் பார்த்தால் போதாதா? அந்தக் காலத்தில் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசர், நீல மருந்தில் சில சொட்டுச் சிறுநீர் விட்டுக் காய்ச்சுவார். பச்சை, மஞ்சள், கடைசியில் செங்கல் நிறம் என்று அது மாற மாற, அப்பாவின் முகமும் மாறும். ஆனால் சர்க்கரை மிகவும் ஏறி வழிந்தால்தான் சிறுநீரில் தெரியும். மனிதனுக்குச் சுமார் 10. பூனைக்கு அதைவிட அதிகம். சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கினால் சிறுநீர் வாய் திறக்காது. இரத்தம்தான் சொல்லும்.

இனி, எடுக்கும் முறை. ஒரு காலுறையில் அரிசி போட்டு இலேசாகச் சூடாக்கி, நம் மணிக்கட்டில் வைத்துப் பார்த்துவிட்டு, பூனையின் காதில் ஒரு நிமிடம் ஒற்றவேண்டும். சூட்டில் இரத்தம் ஓடிவரும். காது ஓரமாக மெல்லிய நரம்பு ஒன்று ஓடும். காதுக்குப் பின்னால் பஞ்சை வைத்துப் பிடித்துக்கொண்டு, நரம்புக்கும் விளிம்புக்கும் இடையில் ஊசிமுனையால் ஒரு குத்து. கடுகளவு துளி வந்ததும் கருவியின் பட்டையில் தொட்டால் சில விநாடிகளில் எண் வந்துவிடும். பஞ்சால் சற்று அழுத்திவிட்டு, உப்பில்லாமல் அவித்த கோழித் துண்டு ஒன்று கொடுக்கவேண்டும். மறுபடி அவன் நம்மிடம் வருவது அந்தத் துண்டுக்காகத்தான். இரண்டு முறை குத்தியும் வரவில்லையா? விட்டுவிடுங்கள், துரத்திப் பிடித்தால் எண்ணும் கெடும், உறவும் கெடும்.

மனிதருக்கான கருவி, பூனை இரத்தத்தில் பெரும்பாலும் உள்ளதைவிடக் குறைத்தே காட்டும். பிராணிகளுக்கென்றே தனிக் கருவி உண்டு. எதை வாங்கினாலும் வைத்தியரிடம் காட்டிவிட்டு, அதையே தொடர்ந்து பயன்படுத்துங்கள். தேதி, நேரம், எண், தின்ற அளவு, போட்ட மருந்து எல்லாவற்றையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிவாருங்கள்.

மூன்றாம் மாதத்தில் ஒரு மாலை. முத்து என் காலைச் சுற்றிச் சுற்றி வந்து சாப்பாட்டுக்குக் கத்தினான். பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. காதில் குத்திப் பார்த்தேன்: 3.1. மறுபடி பார்த்தேன்: 3.0. வழக்கமான ஊசியைப் போட்டிருந்தால் இரவில் தள்ளாடி, வலிப்பு வந்து, விடிவதற்குள் முடிந்திருக்கும். ஊசியை மூடி வைத்துவிட்டு, உணவைக் கொடுத்து, வைத்தியரைக் கூப்பிட்டேன். தின்ன முடியாத நிலை வந்தால் ஈறில் தேன் தடவி உடனே கொண்டுவரச் சொன்னார். வலிப்பு வந்தால் வாய்க்குள் விரலை விடவேண்டாம் என்றும் எச்சரித்தார். நல்லவேளை, தின்றான், எண்ணும் ஏறியது.

நடந்தது என்ன தெரியுமா? மாவுச்சத்துக் குறைந்த உணவும் மருந்தும் சேர்ந்து, அவன் உடம்பு தானே இன்சுலின் சுரக்கத் தொடங்கிவிட்டது. சில பூனைகளுக்கு இப்படி ஊசியே வேண்டாத நிலை வருவதுண்டு. அந்த நல்ல காலம் வரும்போது, நேற்றைய மருந்தே இன்றைக்கு விஷம். அது வந்ததை அறிவிப்பது ஒரு துளி இரத்தம்தான். படிப்படியாக அளவைக் குறைத்து, இப்போது ஐந்து மாதமாக முத்துவுக்கு ஊசி இல்லை. நோய் திரும்பக்கூடும் என்பதால் வாரம் ஒருமுறை பார்க்கிறேன்.

"ஒரு பூனைக்கு இவ்வளவு செலவா?" என்று கேட்பீர்கள். செலவுதான், மறுக்கவில்லை, எல்லோராலும் முடியாது என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் ஒன்று நினைத்துப் பாருங்கள். 1921-இல் கனடாவின் டொரொண்டோ நகரில் பாண்டிங்கும் பெஸ்ட்டும் நாய்களிடம் சோதித்துத்தான் இன்சுலினைக் கண்டார்கள். 1922 ஜனவரியில் பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு அதை முதலில் போட்டார்கள். பிறகு பல பத்தாண்டுகள் மாட்டுக் கணையத்திலிருந்தும் பன்றிக் கணையத்திலிருந்தும் எடுத்த மருந்தில்தான் மனிதர் பிழைத்தார்கள். என் அப்பாவும் அப்படித்தான் சில ஆண்டுகள் கூடுதலாக இருந்தார். வாயில்லாப் பிராணிகளிடம் நமக்குப் பழைய கடன் இருக்கிறது.

ஊசி போட்டுக்கொள்ளும் பெரியவர் உங்கள் வீட்டில் இருக்கிறாரா? அவருக்கும் இதே விதிதான். வியர்வை, நடுக்கம், திடீர்க் கோபம் கண்டால் உடனே குத்திப் பாருங்கள். 4-க்குக் கீழே இருந்தால், நினைவு இருக்கும்போதே சர்க்கரைத் தண்ணீர் கொடுங்கள். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். யாரோ வாங்கித் தந்து, அலமாரியில் மேல்தட்டில் கிடக்கும் அந்தக் கருவியை இன்று மாலையே எடுத்துத் தூசி தட்டுங்கள். பட்டைகளின் காலாவதித் தேதியையும் ஒரு தரம் பார்த்துவிடுங்கள்.