கீரையை விலக்க வேண்டுமா?

ஸ்பிரிங்வெளியிலுள்ள என் உம்மாவுக்கு இதயத்தில் இரத்தக்கட்டி. அது பெருகாமலும், மூளைக்குப் போய்ப் பாரிசவாதம் வராமலும் இருக்க டொக்டர் கொடுத்த மருந்து வார்பரின் குளிசை.

“இந்தக் குளிசைக்குக் கீரை ஆகாதாம்” என்று யாரோ சொல்ல, வல்லாரையையும் முருங்கைக்கீரையையும் உம்மா அடியோடு விட்டார். சில நாட்களில் பல் துலக்கினாலே இரத்தம்! 2க்கும் 3க்கும் இடையில் நிற்க வேண்டிய ஐ.என்.ஆர். 5ஐத் தாண்டியிருந்தது.

கீரையிலுள்ள வைட்டமின் கே இம்மருந்தின் வேகத்தைத் தணிக்கும். திடீரென நிறுத்தினால் இரத்தம் கசியும். திடீரெனக் கூட்டினால் உறையும். ஆகவே கீரையை விலக்காதீர்கள். வாராவாரம் ஒரே அளவாக உண்ணுங்கள். நோன்பில் உணவும் நேரமும் மாறுமே, முன்கூட்டியே டொக்டரிடம் கேளுங்கள். வார்பரின் கருவைப் பாதிக்கக்கூடும். குழந்தையை எதிர்பார்க்கும் சகோதரிகளும் அப்படியே. எந்த மழையிலும் இரத்தப் பரிசோதனைத் தவணையைத் தவறவிடாதீர்கள்.