அப்பாவின் சின்ன மெஷினும் 80 சுற்றுகளும்

"ஏனுங்கண்ணா, இதுல ஒரு பாக்கெட் போட்டுக் குடுக்க முடியுமா?"

ஒரு சனிக்கிழமை காலை. கோவை கணபதியில் இருக்கும் அப்பாவின் பட்டறைக்கு அந்த கஸ்டமர் வந்தபோது, நானும் லீவில் ஊருக்கு வந்திருந்தேன். அவர் கையில் ஒரு டை பிளேட். டி2 எஃகு. ஹார்டனிங், கிரைண்டிங் எல்லாம் முடிந்து பளபளவென்று இருந்தது. அதில் 60-க்கு 40 மி.மீ. அளவில், 8 மி.மீ. ஆழத்துக்கு ஒரு குழி எடுக்க வேண்டும். பட்டறை பாஷையில் அதுதான் பாக்கெட். டிராயிங்கில் கடைசி நேரத்தில் சேர்ந்ததாம்.

வழக்கமாக எஃகு மிருதுவாக இருக்கும்போதே குழி எடுத்துவிட்டு, அப்புறம்தான் ஹார்டனிங்குக்கு அனுப்புவார்கள். அதற்குப் பிறகு அது வேறு ஜென்மம். அப்பா ஓர் அரத்தை எடுத்து பிளேட்டின் ஓரத்தில் தேய்த்துக் காட்டினார். கண்ணாடியில் தேய்த்த மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. மின்பொறியால் அரிக்கும் இடிஎம் மெஷின்காரர்களிடம் நாலு நாள் வெயிட்டிங். கஸ்டமருக்கோ திங்கட்கிழமை வேண்டும்.

எங்களிடம் இருப்பது அலுமினியம் வெட்டவும், எழுத்து செதுக்கவும் வாங்கிய சின்ன சிஎன்சி. பெரிய மெஷின்கள் பல டன் எடை இருக்கும். இது 500 கிலோகூட இருக்காது. கட்டர் எஃகைத் தள்ளும்போது எஃகும் கட்டரைத் திருப்பித் தள்ளும். மெஷின் லேசாக இருந்தால் அதிரும். அதிர்ந்தால் கார்பைடு கட்டரின் முனை உதிர்ந்துவிடும். கார்பைடு ரொம்பக் கடினம்தான், ஆனால் வளையாது, நொறுங்கும்.

"இந்தப் பொம்மை மெஷினை வித்துடுங்கப்பா" என்று போன தீபாவளிக்குத்தான் சொல்லியிருந்தேன். அது மனசில் இருந்ததோ என்னவோ, "வெச்சுட்டுப் போங்க" என்று அப்பா பிளேட்டை வாங்கிக்கொண்டார்.

அன்று இரவே எனக்குச் சென்னைக்கு ரயில். அப்பா 6 மி.மீ. கட்டரைக் கையில் எடுத்தார். "பெருசா போட்டா சீக்கிரம் முடியுமேப்பா" என்றேன். கொஞ்சம் யோசித்தவர், 10 மி.மீ. கட்டரை மாட்டி, ஆழத்தை 0.3 மி.மீ. என்று வைத்தார்.

மூன்றாவது மூலையில் மெஷின் வீறிட்டது. அப்பா ஓடிவந்து நிறுத்துவதற்குள் கட்டரின் பற்கள் நொறுங்கிவிட்டன. குழியின் மூலைக்கு ஆரம் 5 மி.மீ. கட்டரின் ஆரமும் அதே 5. மூலையில் நுழைந்ததும் இரண்டு பக்கமும் எஃகு சூழ்ந்துகொண்டது. அந்த இறுக்கத்தைச் சின்ன மெஷின் தாங்கவில்லை. நல்லவேளை, தழும்பு குழிக்குள்ளேயே விழுந்தது. ஒரு விரல் தள்ளி விழுந்திருந்தால் பிளேட்டே போயிருக்கும்.

அப்பா திட்டவில்லை. டீ வாங்கி வரச் சொன்னார்.

நாலரை மணிக்கு மறுபடி ஆரம்பித்தார். 6 மி.மீ. கட்டர், எவ்வளவு குட்டையாகப் பிடிக்க முடியுமோ அவ்வளவு குட்டையாக. நேராகக் குத்தாமல், சரிவாக இறங்கும்படி ப்ரோகிராம். கூலன்ட் கிடையாது. சூடான முனையில் விட்டுவிட்டுத் தண்ணீர் பட்டால் விரிசல் விடுமாம். காற்றுக் குழாய் மட்டும் வைத்துத் தூளை ஊதித் தள்ளினார். ஒரு சுற்றுக்கு 0.1 மி.மீ. ஆக, 80 சுற்று. சுற்றுக்கு நாலு நிமிஷம்.

நான் ரயிலை கேன்சல் செய்தேன்.

ஐந்து நிமிஷத்தில் செய்தியும் தலைப்பும் போட்டாக வேண்டிய டெஸ்க்கில் வேலை பார்க்கிறவள் நான். ஸ்டூலில் உட்கார்ந்து சுற்றுகளை எண்ணினேன். பத்தாவது சுற்றில் போனை எடுத்தேன். "போனை வெச்சுட்டு சத்தத்தைக் கேளு கண்ணு" என்றார் அப்பா. முப்பதைத் தாண்டியபோதுதான் எனக்கும் பிடிபட்டது. ஒரே சீரான 'உஸ்' சத்தத்துக்குள் மெல்ல ஒரு கீச்சு. நான் சொல்வதற்குள் அப்பா மெஷினை நிறுத்தி, புது கட்டர் மாட்டினார். ராத்திரி பத்தேகாலுக்கு 80-வது சுற்று முடிந்தது.

மறுநாள் கஸ்டமர் அளந்து பார்த்துவிட்டு, "எவ்வளவுங்கண்ணா?" என்றார். மெஷின் ஓடிய நேரத்துக்கும், இரண்டு சின்ன கட்டருக்கும் மட்டும் அப்பா கணக்குச் சொன்னார்.

அவர் போனதும், "உடைஞ்ச கட்டர்?" என்றேன்.

"அது நம்ம அவசரத்துக்கான காசு. அவருகிட்ட ஏன் வாங்கணும்?"

சென்னை வந்து சேர்ந்ததும் அந்த கட்டரின் விலையை ஜிபேயில் அனுப்பினேன். அப்பா திருப்பி அனுப்பவில்லை. சாயங்காலம் வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ வந்தது. மெஷின் மேஜை மேல் புதிதாக இரண்டு 6 மி.மீ. கட்டர்கள்.