ஆல்ஃபாவிலுக்கே முதலிடம்

எண்பதுகளின் ஜெர்மானிய சிந்த்பாப் பாடல்களை வரிசைப்படுத்த முனையும்போதெல்லாம் நாம் பிணங்குவது ஆல்ஃபாவில் குழுவின் இரு பாடல்களை முன்னிட்டே. 1984இல் மேற்கு ஜெர்மனியில் முதலிடம் பெற்றது ‘பிக் இன் ஜப்பான்’. அவ்வாண்டே வந்த ‘ஃபாரெவர் யங்’ அவ்வுயரத்தை எட்டவில்லை. ஆயினும் நம் பட்டியலில் பின்னதே முதல்.

1983 இறுதியில் அமெரிக்காவின் பெர்ஷிங் ஏவுகணைகள் அந்நாட்டு மண்ணில் வந்திறங்கின. குண்டு விழுமா, விழாதா என்ற அச்சத்தைத் தாலாட்டின் நிதானத்தில் இசைத்தது இப்பாடல். பலூன்களால் மூளும் போரைத் துள்ளலாகச் சொன்ன நேனாவின் ‘99 லுஃப்ட்பலூன்ஸ்’ (1983) இரண்டாவது. கிராஃப்ட்வெர்க்கின் ‘தி மாடல்’ 1982இல் பிரிட்டனில் முதலிடம் எய்தினும், பிறந்தது 1978இல். ஆகவே அது பட்டியலுக்கு வெளியே நிற்கும் மூத்தோன்.

சிந்தசைசரின் ஒலி உணர்ச்சியற்றது என்பார் உளர். அழுகையை அடக்கிக்கொண்ட குரலும் அவ்வாறுதான் ஒலிக்கும்.